ஆதத்துக்கு எத்தனை கல்லறை?

கிளிநொச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மடு மாதா கோவில் திருவிழாவுக்குச் சைவச் சனமும் சிங்களச் சனமும் வருவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாராம். அதே மாதிரி கிறிஸ்தவர், முஸ்லிம்கள், யூதர்கள் மூன்று தரப்பும் மதிக்கிற புனிதர்களும் தலங்களும் உலகத்தில் உண்டா, உண்டென்றால் அந்தக் கல்லறைகளுக்குள் உண்மையிலேயே அவர்கள்தான் இருக்கிறார்களா என்பது கேள்வி. இரண்டு தடவை வாசித்தேன். விஷயம் கடைசி வரியில்தான் இருக்கிறது: "ஒரே குழியை மூன்று பேர் மூன்று பெயரில் சொன்னால் இரண்டு பேராவது பொய் சொல்லவேண்டுமே?" அதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பொதுவான தலங்கள் உண்டா என்றால், நிறைய உண்டு. பொய் சொல்கிறார்களா என்றால், பெரும்பாலும் ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலான கல்லறைகளில் அவர்கள் இல்லவும் இல்லை. இது இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மன்னார் மதவாச்சி வீதிப் பக்கத்து ஊர்க்காரன், கத்தோலிக்கன். குருமடத்தில் ஐந்து வருடம் இருந்து திருச்சபை வரலாறு படித்து, சுவாமியாகாமல் வெளியே வந்தவன். பிறகு புனித நாட்டு யாத்திரைக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போவதே பிழைப்பாகிவிட்டது. எபிரேயம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அரபு வழி கேட்கிற அளவுக்குத்தான் வரும். அதனால் கிறிஸ்தவப் பக்கம் சொல்வதை என் படிப்பிலிருந்தும், மற்ற இரண்டு பக்கமும் சொல்வதை மொழிபெயர்ப்புகளிலிருந்தும் அங்கே உள்ள ஆட்களோடு நின்று பேசியதிலிருந்தும் சொல்கிறேன். மார்க்க விஷயத்தில் ஐயம் வந்தால் ஒரு மவுலவியிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

ஜெருசலேமுக்குப் போகமுன் மன்னாரிலேயே தொடங்குவோம். மன்னார்த் தீவில் ஆதம் நபியுடையதும் ஹவ்வா அம்மையுடையதும் என்று முஸ்லிம்கள் காட்டுகிற இரண்டு நீளக் கபுறுகள், அதாவது கல்லறைகள், இருக்கின்றன, நாற்பது அடி என்பார்கள். இந்தப் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தால் ஆதம் பாலம், அக்கரையில் ராமேஸ்வரம், அங்கே ஆதத்தின் பிள்ளைகள் ஹாபில், காபில் இருவருக்கும் தர்ஹா. ஒரு குடும்பமே பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் அடங்கியிருக்கிறது என்று கணக்கு. ஆதம் நபி அறுபது முழ உயரம் என்று ஹதீஸில் வருகிறது. அறுபது முழம் தொண்ணூறு அடி, அப்படியென்றால் மன்னாரில் காலை மடக்கிக்கொண்டுதான் படுத்திருக்கிறார் என்று என்னிடம் சிரித்துச் சொன்னதே ஒரு மன்னார் முஸ்லிம் நண்பர்தான். இந்த நீளக் கபுறு எங்கள் ஊர் விசித்திரம் என்று நினைக்காதீர்கள். ஓமானில் சலாலா நகரத்துக்குள் நபி இம்ரானுடையது என்று ஒன்று இருக்கிறது, முப்பது மீட்டருக்கு மேல். பழைய காலத்துப் பெரியவர்கள் ஆளும் பெரியவர்கள் என்ற எண்ணம் இந்து சமுத்திரத்துக் கரையெல்லாம் பரவியிருந்தது.

சரி, ஆதம் மன்னாரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் யூதர்களுக்கு என்ன சொல்வது? யூதர்களின் வேத விளக்கத் தொகுப்பான தல்மூத்தின் மரபுப்படி ஆதாமும் ஏவாளும் ஹெப்ரோனில், ஆபிரகாம் வாங்கிய மக்பேலா குகைக்குள், ஆபிரகாமுக்கும் சாராளுக்கும் முன்னமே அடங்கியவர்கள். கிறிஸ்தவர்களைக் கேட்டால் கல்வாரியைக் காட்டுவார்கள். ஜெருசலேமில் திருக்கல்லறைக் கோவிலுக்குள் கல்வாரிப் பாறைக்கு நேர் கீழே ஆதாமின் சிற்றாலயம் என்றே ஒன்று உண்டு, பாறை வெடிப்பைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டுவார்கள், இயேசுவின் இரத்தம் அந்த வெடிப்பால் இறங்கி ஆதாமின் மண்டையோட்டைத் தொட்டது என்பது கதை. நம்பாவிட்டால் உங்கள் வீட்டிலோ கத்தோலிக்கச் சிநேகிதர் வீட்டிலோ உள்ள பழைய பாடுபட்ட சுரூபத்தை எடுத்துப் பாருங்கள். பித்தளையில் வார்த்த பழைய காலத்தது என்றால் இயேசுவின் காலுக்குக் கீழே ஒரு மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும் இருக்கும். என் அம்மம்மா அதைச் சாவின் அடையாளம் என்றுதான் சொல்லித் தந்தார். அது ஆதாமுடைய மண்டையோடு. ஏவாளுக்கோ ஹெப்ரோனும் மன்னாரும் போக, சவுதியில் ஜித்தாவிலும் ஒரு கபுறு, ஊர்ப் பெயரே பாட்டி என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. 1975இல் அதைக் கொங்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள்.

இதில் யார் பொய்? ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கும். சொர்க்கத்திலிருந்து ஆதம் ஸரந்தீபில், அதாவது இலங்கையில், இறங்கினார், ஹவ்வா ஜித்தாவில் இறங்கினார் என்பது பழைய முஸ்லிம் மரபு. அந்த மரபைத் தலையில் வைத்துக்கொண்டு கப்பலேறி வருகிற ஒருவனுக்குக் கடலிலிருந்தே ஒரு மலை தெரிகிறது, அதன் உச்சியில் ஒரு பெரிய காலடி இருக்கிறதென்று உள்ளூர்ச் சனம் ஏற்கனவே சொல்கிறது. பௌத்தர் புத்தர் பாதம் என்கிறார்கள், சைவர் சிவனொளிபாதம் என்கிறார்கள், அவனுக்கு அது ஆதத்தின் பாதம். பிற்பாடு வந்த போர்த்துக்கேயரில் சிலருக்கு அது தோமையாருடையது. 1344இல் இப்னு பதூதா புத்தளம் பக்கம் கரையிறங்கி, யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, மலையேற வழி கேட்டபோது அரசர் கூட அனுப்பிய ஆட்களில் நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் இருந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு மொரோக்கோ முஸ்லிம் ஆதத்தின் காலடியைப் பார்க்க, வழி தெரிந்த யோகிகள் தங்களுடைய காலடிக்கு அழைத்துப் போகிறார்கள். ஒரே பாதை, ஒரே சங்கிலியைப் பிடித்து ஏறுகிறார்கள், மேலே போய் ஒரே குழியைப் பார்க்கிறார்கள். யாத்திரைத் தொழிலில் நான் கண்டதும் இதுதான்: பாதையும் தண்ணீரும் நிழலும் பொதுவாகிவிடும், கதை பொதுவாவதில்லை.

மன்னார்க் கபுறுகளைப் பற்றி என் சொந்த ஊகம் ஒன்று உண்டு, ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் அரபுக் கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்து போன சனம் எத்தனையோ. அவர்களில் மதிக்கப்பட்ட யாரோ ஒருவரை அங்கே அடக்கியிருப்பார்கள், இரண்டு மூன்று தலைமுறையில் பெயர் மறந்திருக்கும், அடக்கிய இடத்தின் மரியாதை மட்டும் மறக்காமல் நின்றிருக்கும். பெயரில்லாத மரியாதை கன நாள் அப்படியே நிற்காது, பக்கத்தில் உள்ள பெரிய பெயர் ஒன்று வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும்.

எந்தத் தலத்துக்குப் போனாலும் நான் என் குழுவுக்கு மூன்று விஷயத்தைப் பார்க்கச் சொல்வேன். அந்த ஆள் வாழ்ந்த காலம் எது, இந்த இடத்தில்தான் இருக்கிறார் என்று முதலில் எழுதி வைத்தது எப்போது, இரண்டுக்கும் நடுவில் எத்தனை நூற்றாண்டு. இந்த அளவுகோலை எங்கள் ஊர்ப் புனிதர் யோசே வாஸ் அடிகளுக்கு வைத்துப் பாருங்கள். 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், பிச்சைக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். கடிதங்கள் இருக்கின்றன, கூட வேலைசெய்த குருக்களின் எழுத்துகள் இருக்கின்றன, இடைவெளியே இல்லை. 1995இல் முத்திப்பேறு, 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்துவிட்டு அன்றைக்கே மடுவுக்கு வந்தார், அந்தச் சனக்கூட்டத்தில் நானும் வெயிலில் நின்றேன். இவ்வளவு சான்றுள்ள அந்த மனிதருக்குக் கல்லறை இல்லை. கண்டியில் அடக்கிய இடம் எதுவென்று தெரியாமலே போய்விட்டது. ஒரு சான்றும் இல்லாத ஆதத்துக்கு மூன்று இடம், ஒரு சந்தேகமும் இல்லாத யோசே வாஸ் அடிகளுக்கு ஓரிடமும் இல்லை. கல்லறை இருக்கிறதா என்பதும் ஆள் இருந்தாரா என்பதும் தனித்தனிக் கேள்விகள். அதை எனக்குப் புரியவைத்தது இந்தக் கணக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'புனிதர்' என்ற சொல் மூன்று சமயத்திலும் ஒன்றல்ல. எங்களுக்கு ரோமில் விசாரணை, சாட்சி, புதுமை எல்லாம் பார்த்துப் பட்டம் கொடுக்கிற ஒரு நடைமுறை இருக்கிறது. அவ்லியா, அதாவது இறைநேசர், என்று ஒருவரை அறிவிக்க முஸ்லிம்களுக்கு அப்படி ஒரு அலுவலகம் கிடையாது, சனமும் தரீக்கா என்ற சூபி வழி வந்த சீடர்களும் மதித்தால் அடக்கத்தின்மேல் சியாரம் எழும்பும், வருடம் ஒரு கந்தூரி நடக்கும். யூதர்களிலும் பெரிய ரப்பிமாரின் கல்லறைக்குப் போவதும் இறந்த நாளில் விளக்கேற்றுவதும் உண்டு, அதை ஹில்லூலா என்பார்கள், கந்தூரியின் சொந்தக்காரி மாதிரித்தான் இருக்கும். இவை எல்லாவற்றையும் தாண்டி ஆபிரகாம், மோசே, தாவீது, எலியா போன்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பட்டம் வாங்காதவர்கள், வேதத்திலேயே இருப்பவர்கள். மூன்று பேரும் சேர்ந்து உரிமை கேட்பது இவர்களுக்குத்தான். மரியாளும் ஸ்நாபக அருளப்பரும் (திருமுழுக்கு யோவான்) கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் மட்டும் பொது. இஸ்லாம் கடைசியாக வந்தது, தனக்கு முன் வந்த நபிமாரை ஏற்றுக்கொண்டு வந்தது, ஆகவே பட்டியலில் அவர்கள் பக்கமே நீளம். திமஸ்குவில் (டமாஸ்கஸ்) உமையாப் பெரிய பள்ளிவாசலுக்கு உள்ளேயே ஸ்நாபக அருளப்பரின் தலை இருக்கும் மாடம் உண்டு, யஹ்யா நபி என்று முஸ்லிம்கள் அதைக் காக்கிறார்கள். 2001இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அங்கே போனார், ஒரு பாப்பரசர் பள்ளிவாசலுக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அதே தலை பிரான்சில் ஆமியான் பேராலயத்திலும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேருக்கும் பொதுவானதில் பெரியது ஹெப்ரோன். அங்கே உறுதியானது சுவர். ஏரோது கட்டியது, இரண்டாயிரம் வருடக் கல், ஒரு கல்லின் நீளம் எங்கள் உழவு இயந்திரப் பெட்டியைத் தாண்டும். அதற்குள் கிறிஸ்தவர் ஆண்டபோது கோவில், முஸ்லிம்கள் ஆண்டபோது பள்ளிவாசல், சிலுவைப் போர்க்காரர் வந்து மறுபடி கோவில், பிறகு மறுபடி பள்ளிவாசல். 1266க்குப் பிறகு யூதர்கள் வெளிப்படியில் ஏழாவது படி வரைக்கும்தான் ஏறலாம், அந்த நிலை 1967 வரை நீடித்தது. கீழே குகைக்குள் என்ன இருக்கிறது? மேலே காண்கிற பச்சைப் பட்டுப் போர்த்திய பெட்டிகள் வெறும் அடையாளம், உள்ளே ஒன்றும் இல்லை. 1968இல் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஓரடிக்கும் குறைவான அகலமுள்ள துவாரத்தால் கயிற்றில் இறக்கி அளவெடுக்க வைத்தார்கள், அறையும் ஒடுங்கிய நடையும் கல்லும் கண்டாள். ஆபிரகாமின் காலம் இதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது, அதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் இரண்டாயிரம் வருடமாக எல்லாரும் இந்த இடத்தைத்தான் சொல்லி வருகிறார்கள் என்பது நிச்சயம்.

1994 பெப்ரவரி 25இல் ரமழான் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களை ஒரு யூதக் குடியேற்றக்காரன் அங்கேயே சுட்டுக் கொன்றான். அதன் பிறகு கட்டடத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஆபிரகாமின் பெட்டி நடுவில், பள்ளிவாசல் பக்கம் ஒரு கிராதி ஜன்னல், யூதத் தொழுகைக்கூடப் பக்கம் ஒரு கிராதி ஜன்னல். வருடத்தில் பத்து நாள் முழுக் கட்டடமும் யூதருக்கு, பத்து நாள் முழுதும் முஸ்லிம்களுக்கு. ஒரு முறை எங்களை அங்கே ஒழுங்குபண்ணி அனுப்பிய நிறுவனம் திகதியைப் பாராமல் அப்படியொரு நாளில் கொண்டுபோய் இறக்க, முப்பத்திரண்டு பேரோடு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அடுத்த வருடம் போனபோது முருங்கன் பக்கத்து அம்மா ஒருவர் பள்ளிவாசல் பக்கத்துக் கிராதியைத் தொட்டு, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றினார், மடுவில் மாதாவின் கூட்டைத் தொட்டுவிட்டு ஒற்றுவது போல. எதிர் ஜன்னலில் ஒரு யூதக் கிழவர் புத்தகத்தை வைத்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு வாசித்தார். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, அவருக்கு எங்களைத் தெரியுதா?" தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் அங்கே நடைமுறை என்று சொன்னேன்.

நீங்கள் கேட்ட 'ஒரே குழி, மூன்று பெயர்' அச்சொட்டாகப் பொருந்துகிற இடம் ஒலிவ மலையில் இருக்கிறது, அங்கே கூட்டம் போவதில்லை. விண்ணேற்பு ஆலயத்துக்குப் பக்கத்தில் சில படி இறங்கினால் ஒரு குகை, உள்ளே ஒரு கல்லறை. யூதர்கள் அது குல்தா என்கிறார்கள், யோசியா அரசர் காலத்துப் பெண் இறைவாக்கினர். கிறிஸ்தவர்கள் பெலாஜியா என்கிறார்கள், அந்தியோக்கியாவில் நடிகையாக இருந்து மனந்திரும்பி, ஆண் துறவி வேடத்தில் அந்த மலையில் தவமிருந்தவர். முஸ்லிம்களுக்கு அது ராபியா அல்-அதவிய்யா, பஸ்ராவின் பெரிய சூபிப் பெண். ராபியா பஸ்ராவில் 801இல் இறந்தவர், ஆகவே அவர் இங்கே இல்லை. குல்தா இயேசுவுக்கு அறுநூறு வருடத்துக்கு மேல் முந்தியவர், இடைவெளி மிகப் பெரியது. பெலாஜியாவின் கதை பாதிக்கு மேல் புராணம். ஆக என் அளவுகோலில் மூன்றுமே விழுந்துவிடும். ஆனாலும் மூன்று தரப்பும் ஒரு பெண்ணைத்தான் சொல்கிறார்கள், அதுவும் ஆண்கள் மதிக்கவேண்டி வந்த ஒரு பெண்ணை. இது எப்படி என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் அதிசயம். மேலே விண்ணேற்பு ஆலயத்தில் இயேசுவின் காலடி என்று ஒரு கல் பதிந்திருக்கிறது, அந்த ஆலயம் சலாவுத்தீன் காலத்திலிருந்து முஸ்லிம்கள் கையில். சிவனொளிபாதம் ஏறி வந்த சனத்துக்கு அந்தக் கல்லைக் காட்டும்போது நான் அதிகம் விளக்குவதில்லை.

சீயோன் மலையில் தாவீதின் கல்லறையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். கீழ்த்தளத்தில் யூதர்கள், மேல்தளத்தில் கடைசி இராவுணவு நடந்ததாகக் கிறிஸ்தவர் சொல்லும் அறை, அதே அறைச் சுவரில் மக்காவை நோக்கிய மாடம், மிஹ்ராப். வேதப்புத்தகமோ தாவீதை அவருடைய நகரத்தில் அடக்கியதாகச் சொல்கிறது, அந்த நகரம் இந்த மேட்டில் இல்லை என்பதில் அகழ்வாய்வாளர்களுக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

எனக்குப் பிடித்த கதை எலியாவுடையது. சாகாமல் வானத்துக்கு எடுக்கப்பட்டவர், ஆகவே கல்லறை பற்றிய சண்டையே இல்லை, குகைதான். கர்மேல் மலை அடிவாரத்தில் உள்ள குகைக்கு யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் துரூஸ் சமயத்தாரும் வருவார்கள். கழுத்தில் உத்தரியம் போடுகிறோமே, கர்மேல் மாதாவின் உத்தரியம், அந்தக் கர்மேல் துறவற சபை பிறந்ததே அந்த மலையில்தான். முஸ்லிம்களுக்கு இல்யாஸ் நபிக்குப் பக்கத்தில் இன்னொருவர், கிழுறு நபி. குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் மூசா நபிக்குப் பாடம் கற்பிக்கும் பெயர் சொல்லாத அடியார் அவர்தான் என்பார்கள், சாவில்லாதவர், வழி தவறியவனுக்கு வந்து வழி காட்டுவார். பாலஸ்தீனத்தில் இவரையும் எலியாவையும் புனித ஜோர்ஜியாரையும் சனம் ஒரே மூச்சில் சொல்லும். பெத்லகேமுக்குப் பக்கத்தில் இவர் பெயரிலேயே ஓர் ஊர் உண்டு, அங்கே ஜோர்ஜியார் கோவிலில் சுவரோடு ஒரு இரும்புச் சங்கிலி. முன்பு புத்தி தடுமாறியவர்களை அதில் கட்டிவைப்பார்களாம். இப்போது வருகிறவர்கள் சங்கிலியை முத்தி, தலைவழி போட்டு, காலால் கடந்து வெளியே வருகிறார்கள். என் முன்னால் ஒரு முஸ்லிம் தாய் பதினைந்து வயது மகனுக்கு அப்படிச் செய்துவிட்டு, சங்கிலியை எங்கள் குழுப் பெண்ணின் கையில் தானே கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஜோர்ஜியாரின் வாழ்க்கைக் கதையில் உறுதியாகச் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம், பறவைநாகத்தைக் (டிராகன்) கொன்றது எல்லாம் பிற்காலச் சேர்ப்பு.

கிழுறு நபி பாலஸ்தீனத்தோடு நிற்கவில்லை. செல்வச்சந்நிதியில் தொடங்கி வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு முல்லைத்தீவு வழியாக நடந்து போகிறார்களே கதிர்காம யாத்திரைக்காரர், அவர்கள் போய்ச் சேருமிடத்தில் முருகனுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறது, அங்கே முஸ்லிம்கள் நினைப்பது கிழுறு நபியைத்தான். ஆடித் திருவிழாவுக்குப் பள்ளிவாசலிலும் கொடி ஏறும். ஆக வன்னியிலிருந்து நடக்கிற ஒரு சைவக் கிழவி, கர்மேல் மலைக்காரரின் வாசலில்தான் போய் நிற்கிறார். அவருக்கு அது தெரியவேண்டிய தேவையும் இல்லை.

மாதாவுக்கு வருவோம். குர்ஆனில் பெயர் சொல்லி வரும் ஒரே பெண் மர்யம், ஒரு அத்தியாயமே அவர் பெயரில். கன்னியாக இருந்து ஈசா நபியைப் பெற்றதை முஸ்லிம்கள் ஏற்கிறார்கள், இறைவனின் தாய் என்பதை ஏற்பதில்லை. ஜெருசலேமில் கெத்செமனி பக்கம் மாதாவின் கல்லறைக் கோவிலுக்குள் மக்காவை நோக்கிய மாடம் இன்றும் இருக்கிறது. துருக்கியில் எபேசு மலையில் ஒரு ஜெர்மன் கன்னிகையின் தரிசனக் குறிப்பை வைத்து 1891இல் கண்டுபிடித்த 'மாதா வீடு' இருக்கிறது; வரலாற்றுச் சான்றாக அது பலவீனம், ஆனால் அங்கே வேண்டுதல் துணி கட்டுகிறவர்களில் முஸ்லிம் பெண்கள் நிறையப் பேர். யூதர்களுக்கு மரியாளிடம் ஒன்றும் இல்லை, அதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. மடுவின் கதையில், 1658இல் மன்னாரை ஒல்லாந்தர் பிடித்ததும் கத்தோலிக்கருக்கு வந்த தொல்லையும் உறுதி. மாந்தையிலிருந்து இருபது குடும்பம் 1670இல் சுரூபத்தோடு காட்டுக்குள் வந்தது என்பது செவிவழி வந்த மரபு, நான் நம்புகிறேன், பத்திரம் காட்டமாட்டேன். 1924 ஜூலை 2இல் முடிசூட்டியதும், 2008 ஏப்ரலில் செல்லடிக்குப் பயந்து சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனதும் அந்த ஆவணியில் திரும்பி வந்ததும் என் வயதுக்காரர் எல்லாருக்கும் தெரிந்தது. கோவில் மண்ணைச் சீலைத் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் பாம்புக்கு எதிராக வீட்டு வாசலில் தூவுவது சைவ, சிங்கள வீடுகளிலும் நடக்கிறது. சிங்களச் சனத்தில் சிலருக்கு அவர் பத்தினித் தெய்யோவின், அதாவது கண்ணகியின், சாயல்.

வன்னியில் யூதர் இல்லை, ஆகவே அந்தப் பக்கம் உங்களுக்குக் கைக்கெட்டிய உதாரணம் கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள நெகேமியா மோத்தாவின் கல்லறை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த யூத ஞானி. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவச் சனம் வந்து மெழுகுதிரி கொளுத்திப் போகும். துனீசியாவில் ஜெர்பாத் தீவின் யூதத் தொழுகைக்கூடத்தில் பெண்கள் வேண்டுதலை முட்டையில் எழுதி உள்ளே வைப்பார்கள். பிள்ளை வேண்டும், வரன் வேண்டும். மடுவில் கேட்பதும் வேறென்ன?

இதெல்லாம் தவறு என்று சொல்பவர்கள் மூன்று சமயத்துக்குள்ளும் இருக்கிறார்கள், அவர்களை அறிவில்லாதவர் என்று தள்ளமுடியாது. ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குப் புனிதர் வணக்கமே சிலை வணக்கம். கபுறில் கையேந்துவது இணைவைப்பு என்று எங்கள் பக்கத்துத் தவ்ஹீத்காரர் சொல்வதற்கும் அவர்களுடைய ஆதாரம் இருக்கிறது. மோசேயை அடக்கிய இடம் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது என்று இணைச்சட்ட நூல் முடிப்பதே கல்லறை வணக்கம் வராமலிருக்கத்தான் என்று விளக்கும் ரப்பிமாரும் உண்டு. அப்படியும் எரிகோவுக்குப் பக்கத்தில் நபி மூசாவுக்கு ஒரு சியாரம் எழும்பிவிட்டது.

கடைசியாக ஒன்று. ஒரே இடத்துக்கு வருகிறார்கள் என்பதால் ஒற்றுமை என்று எழுதுகிற ஆள் நானில்லை. ஹெப்ரோன் சொன்னேன். இங்கே மாந்தையில் 2019 சிவராத்திரிக்கு முன் திருக்கேதீச்சரச் சிவன் கோவில் வளைவைப் பிடுங்கி எறிந்தது எங்கள் கத்தோலிக்கர், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரையும் புலிகள் வெளியேற்றியபோது எந்தப் புனிதரும் வந்து மறிக்கவில்லை, நாங்களும் மறிக்கவில்லை. தலம் பகிர்ந்து நிலைப்பதற்கு அன்பைவிட ஒழுங்கு உதவுகிறது என்று இப்போது நினைக்கிறேன்: யாருக்கு எந்த நாள், யார் கூட்டுவது, திறப்பு (சாவி) யாரிடம். ஜெருசலேம் திருக்கல்லறைக் கோவிலின் திறப்பு இன்றைக்கும் இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம், ஒரு குடும்பம் வைத்திருக்கும், மற்றது கதவைத் திறக்கும். உள்ளே ஆறு கிறிஸ்தவ சபைகளும் ஒருவரை ஒருவர் நம்பாததால் அதுவே வசதி.

எங்கள் வீட்டிலும் ஒரு திறப்பு இருந்தது. 1990இல் போகச் சொன்ன அன்று பின்னேரம், பக்கத்து முஸ்லிம் ஊரில் சியாரத்தைப் பார்த்துவந்த காக்கா சைக்கிளில் வந்து அப்பாவிடம் அதைக் கொடுத்தார், வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு மட்டும் என்று சொன்னார். அப்பா அதை மாதா படத்து ஆணியிலேயே மாட்டினார். முடிந்த வெள்ளிகளில் போய் ஏற்றினார், முடியாத வெள்ளிகள் கூடிக்கொண்டு போயின, பிறகு நாங்களே இடம்பெயர்ந்தோம், திறப்பு அம்மாவின் செபப்புத்தகத்துக்குள் எங்களோடு வந்தது. சமாதானக் காலத்தில் காக்காவின் மகன் புத்தளத்திலிருந்து ஒரு வானில் வந்து அப்பாவைக் கேட்டு விசாரித்து வீட்டுக்கு வந்தார். அப்பா திறப்பை எடுத்துக் கொடுத்தார், கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. மூன்று பேரும் நடந்து போனோம். கதவும் இல்லை, நிலையும் இல்லை, கபுறுக்கு மேல் ஒரு வேப்பங்கன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. அவர் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குந்தியிருந்து அந்தக் கன்றைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். அப்பாவும் குந்தினார்.